ஆதி அண்டமும் பழைய ஸ்டாக் பலூனும்

தயாளன் சார் ஒரு கோழை. முகத்துக்கு நேராகவே பல முறை சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார். கோபம்கூட வராத கோழை. அன்றைக்குப் பட்டிமன்றத்தில் அவர் ஒப்புக்கொண்ட பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், கிரிவலம் வந்த ஜனங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியிருக்க மாட்டார்கள். எனக்கு மாமியாராக வரவிருந்த அம்மாவின் மடியில் ஒரு தட்டு சாம்பார் சாதம் கவிழ்ந்திருக்காது. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற கேள்வியில் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டிருக்காது.

அப்போது நான் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தயாளன் சார் அதே பள்ளியில் விலங்கியல். எனக்கு வயது இருபத்தாறு. வாய்க்கு மட்டும் ஐம்பது. (வாய் இன்னும் அதே வயதில்தான் இருக்கிறது. நான்தான் அதை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.)

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கடலை எண்ணெய் மில் வைத்திருக்கும் குடும்பம். அப்பா இல்லை. மில்லை நடத்துவது சரோஜா அம்மா. மகன் பாஸ்கர், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆள் மாதிரி அடக்கமாக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் வழக்கம்போல, சமைக்கத் தெரியுமா, கோலம் போடுவாளா என்று விசாரித்தார்கள். பாஸ்கர் மட்டும், "இப்ப எந்தப் பாடம் நடத்திட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒளியியல்."

"வானவில்லா?"

"அதுவும் வரும்."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அது போதுமாக இருந்தது. இதற்கு முன்னால் வந்த மூன்று வரன்களில் ஒருவர்கூட நான் என்ன பாடம் எடுக்கிறேன் என்று கேட்டதில்லை. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று, யாருக்கும் சொல்லாமல், உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். சரோஜா அம்மா, "தை பொறக்கட்டும், தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தைக்கு முன்னால் ஒரு மார்கழிப் பௌர்ணமி இருந்தது. அதில்தான் எல்லாம் நடந்தது.

என் தாய்மாமா ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் கடை. கற்பூரம், விபூதி, பிளாஸ்டிக் பொம்மை, பலூன் என்று எல்லாம் தொங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நண்பர்களோடு சேர்ந்து அன்னதானம் போடுவார். அந்த வருடம் சாப்பாடு மட்டும் போதாது, ஜனங்களுக்கு அறிவும் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார். தலைப்பு: உலகம் தோன்றியது இறைவன் அருளாலா, அறிவியல் விதியாலா?

"மாமா, மாமியாரா மருமகளான்னு ஏதாவது லேசா வைக்கக்கூடாதா?" என்றேன்.

"அதெல்லாம் எல்லா ஊர்லயும் பேசிப் பேசி ஓய்ஞ்சிட்டானுங்க. நம்ம ஊர்ல நெருப்பே மலையா நிக்குது. இத இங்க பேசாம வேற எங்கம்மா பேசறது?" என்றார்.

என்னை இறைவன் அணியில் போட்டார். அதில் ஒரு கணக்கு இருந்தது. "மாப்ள வூட்டையும் கூப்ட்டிருக்கேன். முன் வரிசையில உக்கார வெக்கறேன். நீ சாமி பக்கம் நாலு வார்த்தை உருக்கமா பேசு. அந்தம்மா பௌர்ணமி தவறாம மலை சுத்தறவங்க. தட்டு மாத்த நாள அங்கயே குறிச்சாலும் குறிச்சிடுவாங்க."

எனக்கு உறுத்தல் இல்லை. காலையில் இயற்பியல் எடுத்துவிட்டு மாலையில் கடவுளுக்காகப் பேசுவதில் என்ன தப்பு? நானும் மலை சுற்றுகிறவள்தான். கால் சுற்றும், தலை கேள்வி கேட்கும். இரண்டும் இதுவரை என்னிடம் வந்து பஞ்சாயத்து வைத்ததில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். கண்ணீர் வர வேண்டிய இடத்தில் எனக்கே வந்தது.

பௌர்ணமி அன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் போனால், அறிவியல் அணித் தலைவர் தயாளன் சார் கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணியோடு நிற்கிறார்.

"இன்னா சார் இது?"

"நேத்து மலைக்கு மாலை போட்டுட்டேன் சாமி."

"அது தெரியுது. நீங்க அறிவியல் பக்கம் பேசணும் சார்."

"அதான் சாமி சங்கடம். மாலையோட, சாமி இல்லன்னு மைக்ல பேசக்கூடாதுன்னு குருசாமி சொல்லிட்டாரு."

"சாமி இல்லன்னு யாரு பேசச் சொன்னது? உலகம் எப்படி வந்துச்சுன்னுதானே தலைப்பு?"

"அந்த வித்தியாசம் எனக்குப் புரியுது சாமி. உங்களுக்குப் புரியுது. கீழ உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியணுமே?"

காலையில்தான் பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தியிருந்தார். அப்போதும் அதே மாலைதான் கழுத்தில் இருந்திருக்கிறது. வகுப்பறைக்கு விரதம் முறியாதாம். மைக்குக்கு முறியுமாம். கேட்டேன். "வகுப்புல குருசாமி இல்லையே சாமி" என்றார். இதைத்தான் கோழைத்தனம் என்கிறேன்.

மாமா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இன்னா பெரிய விஷயம்? ரெண்டு பேரும் நாற்காலிய மாத்திக்கோங்க. குமுதா, நீ பிசிக்ஸ் டீச்சர்தானே? உனக்கு இது இன்னும் சுலபம்."

"மாமா, முன் வரிசையில அவங்க..."

"மைக்ல பேசறது மைக்கோட போச்சு. பட்டிமன்றத்துல பேசறத யாராவது மனசுல வெச்சுப்பாங்களா?"

இதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பட்டிமன்றத்தின் எழுதாத சட்டம். பேசுகிறவர் நம்பியிருக்கக் கூடாது, கேட்கிறவர் நம்பக் கூடாது, கடைசியில் சால்வை போட்டுக்கொண்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போக வேண்டும். எனக்கும் இந்தச் சட்டம் தெரியும். ஆனால் அறிவியல் பக்கத்தை நம்பாத மாதிரி எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அங்கேதான் முதல் தப்பு ஆரம்பித்தது.

இரண்டாவது தப்பு பலூன். அண்டம் விரிகிறது என்பதை வகுப்பில் பலூனை வைத்துத்தான் காட்டுவேன். காற்றில்லாத பலூன் மேல் பேனாவால் புள்ளிகள் வைக்க வேண்டும். அவை நட்சத்திரக் கூட்டங்கள். ஊத ஊத ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளிடமிருந்தும் விலகும். நடுவில் நிற்கிற புள்ளி என்று ஒன்று கிடையாது. பின்பெஞ்சு பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்க்கிற பாடம் அது. மாமா கடையிலிருந்து ஒரு பெரிய சிவப்பு பலூனை உருவிக்கொண்டேன். அது முந்தின வருட தீபத்துக்கு வாங்கி, விற்காமல், ஒரு கோடை முழுக்க வெயிலில் தொங்கிய பாக்கெட் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

மேடைக்குப் பக்கத்திலேயே அன்னதானப் பந்தல். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். மேடையில் இருமினால் பாதையில் வெகுதூரம் கேட்கும். முன் வரிசையில் சரோஜா அம்மா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி மரியாதை என்று மாமா முதல் தட்டு சாம்பார் சாதத்தை அவர் கையில் கொடுத்திருந்தார். பக்கத்தில் பாஸ்கர். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் என்பதைப் பார்த்ததும் தலையாட்டல் நின்றுபோனது.

நடுவர் வெளியூர்க்காரர். பெரிய பேச்சாளர், கழுத்தில் ஏற்கெனவே இரண்டு சால்வை. முதலில் தயாளன் சாரைப் பேச அழைத்தார். மனிதர் பிளந்து கட்டினார். வண்ணத்துப்பூச்சி இறக்கைக்கு வர்ணம் அடித்தது யார், மயிலுக்குத் தோகை வைத்துத் தைத்தது யார் என்று அடுக்கினார். காலையில் அதே மயில் தோகைக்கு அதே வாயால் வேறு காரணம் சொன்னவர். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

அடுத்தது நான். எழுந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பறை நினைப்பு வந்துவிட்டது. உங்கள் கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலில் உள்ள ஹைட்ரஜன், நட்சத்திரங்கள் பிறப்பதற்கும் முன்னால் உண்டானது என்றேன். நான்கைந்து பேர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க் கதைக்குத் தாவினேன்.

"அடிமுடி தேடின கதை உங்க எல்லாருக்கும் தெரியும். நெருப்புத் தூணுக்கு அடியத் தேடிப் போன விஷ்ணு, என்னால கண்டுபிடிக்க முடியலன்னு திரும்பி வந்தாரு. முடியத் தேடிப் போன பிரம்மா, பார்க்காமலேயே பார்த்துட்டேன்னு சொன்னாரு. தாழம்பூவ சாட்சிக்கு வேற கூட்டிட்டு வந்தாரு. யாருக்குச் சாபம் கிடைச்சுது? அறிவியல்ங்கறது விஷ்ணு பண்ணின வேலைங்க. பார்த்த வரைக்கும் சொல்லும். பார்க்காதத பார்க்கலன்னு சொல்லும்."

நல்ல இடம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நான் நின்றிருந்தது அடி அண்ணாமலை. அங்கே கோயிலில் இருக்கும் லிங்கத்தை வைத்ததே பிரம்மாதான் என்பது ஊர் நம்பிக்கை.

"எங்க கோயிலக் கட்டினவர பொய்யர்ன்றியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவரே சாபத்த ஒத்துக்கிட்டாருங்க, உங்களுக்கு இன்னா?" என்று நானும் மைக்கில் கேட்டுவிட்டேன். (வாய். ஐம்பது வயது வாய்.)

முன் வரிசையில் சரோஜா அம்மா சாதம் பிசைவதை நிறுத்தியிருந்தார்.

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பலூனை எடுத்தேன். மைக்குக்கு முன்னால் நின்று ஊத ஆரம்பித்தேன். புள்ளிகள் விலகின. கூட்டம் அமைதியானது. இடையில் நிறுத்தி, பலூன் வாயைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இதுக்குத் தமிழ்ல பெருவெடிப்புன்னு பேரு வெச்சுட்டாங்க. அதனால எல்லாரும் பட்டாசு மாதிரின்னு நெனைக்கறாங்க. அது தப்புங்க. அங்க எதுவும் வெடிக்கல. விரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஊதறேன், பாருங்க..."

வெடித்தது.

மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வெடித்தது. குழாய் ஸ்பீக்கர் அத்தனையும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தத்தைப் பாதை நெடுக அனுப்பின. "சிலிண்டரு! சிலிண்டரு வெடிச்சுடுச்சு!" என்று பந்தலில் யாரோ கத்தினார். பந்தி முழுக்க எழுந்தது. தட்டுகள் பறந்தன. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்த அடுப்பைத் தாண்டியே ஓடினார். பாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் மலையைப் பார்த்து "அரோகரா!" என்று கையைத் தூக்கினார்கள். ஓடிய ஒருவர் முன் வரிசை நாற்காலியைத் தாண்டும்போது அவர் முழங்கால் சரோஜா அம்மாவின் தட்டில் இடித்தது. அந்தப் பச்சைப் பட்டின் மேல் சாம்பார் விரிந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அண்டம்கூட அவ்வளவு வேகமாக விரிந்திருக்காது.

கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்:

"யாரும் ஓடாதீங்க! வெடிச்சது பிரபஞ்சம்தான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே மாமா இருந்தார். ஜெனரேட்டர் வெடித்ததென்று நினைத்துப் பதுங்கியவர்.

ஜனங்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நடுவர் எழுந்தார். அவர் சால்வையில் ஒரு சிவப்பு ரப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து உயரத் தூக்கிக் காட்டினார். "வெடிச்சது பலூன். சரி. ஊதினது யாரு?" என்றார். கூட்டம் சிரித்து உருண்டது. "ஊத ஒருத்தர் இல்லாம பலூன் பெருசாகுமா? அந்த ஒருத்தர்தான் இறைவன்!"

அதில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கேள்வி அது. என் மாணவர்களும் கேட்பார்கள். மனிதன் வானத்தைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கேட்கிற கேள்வி. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆரம்பத்துல இருந்தது ஒரு நெருப்புத் தூண்தான்னு இன்னைக்கு வெளிநாட்டு விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க! அதனால இறைவனும் ஜெயித்தார், அறிவியலும் ஜெயித்தது!"

நான் எழுந்தேன். "எந்த விஞ்ஞானிங்க ஐயா?" என்றேன். மைக் செட்காரர் ஒரு பக்திப் பாட்டைப் போட்டுவிட்டார். நடுவர் மூன்றாவது சால்வையை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

மேடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் சரோஜா அம்மா புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தார். மாமா முந்திக்கொண்டு ஓடினார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. பொண்ணு சாமி பக்கம்தான் பேசறதா இருந்துச்சு. கடைசி நேரத்துல மாத்தி வுட்டுட்டோம். மைக்குக்காகப் பேசினதுங்க எல்லாம்."

சரோஜா அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க மாமன் சொல்றது நெசமா? மைக்குக்காகத்தான் பேசினியா?"

மாமா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். தயாளன் சார், "சாமி, ஆமான்னு சொல்லிடுங்க சாமி" என்று முணுமுணுத்தார். பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு 'ஆமாங்க' போதும். தையில் தட்டு மாற்றிவிடலாம். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவர் தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வானவில்லா என்று கேட்ட அதே முகம். இந்த முகத்துக்கு எதிரில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முதல் நாளே பொய்யா என்று இருந்தது.

"இல்லைங்க. நெசமாத்தான் பேசினேன்."

"அப்ப உலகத்த அவன் படைக்கலன்றியா?"

"தெரியாதுங்க. விரியுதுன்னு தெரியும். எவ்ளோ காலமா விரியுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதுவும் தெரியும். அதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சு, யாராவது ஊதினாங்களா, ஊத ஆளு வேணுமா வேணாமா, அது தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்."

"அப்புறம் எதுக்கு மலை சுத்தற?"

"சுத்தினா நல்லா இருக்குங்க. ஏன்னு கேட்டா, அதுவும் தெரியாது."

அவர் முந்தானையைப் பிழிந்து உதறினார். "வாடா, மீதி தூரத்தை நடக்கலாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சாம்பார் புடவையோடு பாதையில் இறங்கிப் போய்விட்டார். மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தயாளன் சார் எனக்காக ஒரு சரணம் போட்டார். நான் வீட்டுக்குப் போய் அழுதேன். கண்ணாடி முன்னால் அழுத மாதிரி அழகாக வரவில்லை.

மறுநாள் காலையில் பாஸ்கர் போன் செய்தார். "அம்மா மீதி தூரத்த நடந்து முடிச்சாங்க. வூட்டுக்கு வந்து காலக் கூட கழுவாம நின்னு ஒண்ணு சொன்னாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"எம் பெரிய மருமவனுக்கு எல்லாம் தெரியும். சின்ன மருமவனுக்கு அதுக்கு மேலயும் தெரியும். தெரியாதுன்னு சொல்றதுக்கு வூட்ல ஒரு ஆளாவது வேணும்டா, அப்டின்னாங்க." பிறகு சேர்த்துக்கொண்டார்: "பொடவைக்கு மட்டும் உங்க மாமன் பதில் சொல்லணுமாம்."

தையில் தட்டு மாற்றினோம். மாமா பச்சைப் பட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

சரோஜா அம்மா, இப்போது என் அத்தை, இன்றைக்கும் பௌர்ணமி தவறுவதில்லை. உலகத்தைப் படைத்தது அண்ணாமலையார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எனக்குத் தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சேர்ந்துதான் சுற்றுகிறோம். வீட்டில் குக்கர் விசில் பலமாக வந்தாலும் சரி, தீபாவளிக்கு வெடி வெடித்தாலும் சரி, டயர் பஞ்சரானாலும் சரி, யாராவது ஒருவர் "யாரும் ஓடாதீங்க, வெடிச்சது பிரபஞ்சம்தான்!" என்று கத்துவார்கள். பெரும்பாலும் அது அத்தையாகத்தான் இருக்கும். பிறந்த நாளுக்கு நான் பலூனைத் தொட்டால், "தட்ட எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கோங்க, டீச்சர் ஊதறா" என்பார். தயாளன் சார் வருடா வருடம் மாலை போடுமுன் போன் செய்து, மேடை ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. போன மாதம் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். அதே நடுவர். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஒரு டீச்சரம்மா பலூன் ஊதினாங்க" என்று என் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார். அதோடு, அவர் கதையில் நெருப்புத் தூணை ஒத்துக்கொண்ட வெளிநாட்டு விஞ்ஞானிகள் இப்போது நேரிலேயே வந்து மலையை விழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"யாரும்மா அந்த விஞ்ஞானி? அறிவியல் டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றாள் மகள்.

அத்தை கைவேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எஞ்சாமிக்கு எவன் வந்து ஒத்துக்கணும்? நான் கும்புடறது போதாதா? அந்த ஆள வுடாதே, கேளு."

கேட்கிறேன். நடுவர் ஐயா, இந்த மார்கழிப் பௌர்ணமிக்கு ஏழுமலை மாமா உங்களை மறுபடியும் அடி அண்ணாமலைக்கு அழைத்திருக்கிறார். நீங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். முன் வரிசையில் நானும் அத்தையும் மகளும் இருப்போம். எந்த விஞ்ஞானி? எந்த நாடு? எங்கே, எப்போது ஒத்துக்கொண்டார்? பெயர் தெரிந்தால் மைக்கில் சொல்லுங்கள், என் மகள் எழுதிக்கொள்வாள். தெரியாதென்றால், தெரியாது என்று அதே மைக்கில், அதே கூட்டத்துக்கு முன்னால் சொல்லுங்கள். காரில் ஏறுவதற்கு முன்னால் சொல்லுங்கள். மைக் செட்காரரிடம் பேசிவிட்டேன். நீங்கள் பதில் சொல்லும்வரை அவர் பாட்டுப் போட மாட்டார்.